மணிமுத்தாறு ஏன் வந்தது?

அன்புள்ள ஐயா,

பாளையங்கோட்டையில் முதுகலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கி. ராஜநாராயணனின் 'கதவு' சிறுகதையைப் பற்றி எட்டுப் பக்கத்தில் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதிக் கொடுத்தேன். 'கதையை நன்றாகச் சொல்லியிருக்கிறாய். கட்டுரை எங்கே?' என்று கடைசிப் பக்கத்தில் எழுதிப் பேராசிரியர் திருப்பித் தந்துவிட்டார். ஆசிரியர் குறிப்பு, கதைச்சுருக்கம், வறுமை, குழந்தை உளவியல், கரிசல் மண்ணின் மணம், முடிவுரை எல்லாமே இருக்கின்றன. எது குறைந்தது என்று புரியவில்லை. கட்டுரையை இணைத்திருக்கிறேன். பெயர் வேண்டாம்.

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

கட்டுரையைப் படித்தேன். உங்கள் பேராசிரியர் சொன்னது சரிதான். கொஞ்சம் விளக்கிச் சொல்லியிருக்கலாம்.

முதல் பக்கம் முழுக்க கி.ரா. 1923இல் இடைசெவலில் பிறந்ததும் 1991இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கியதும். அப்புறம் மூன்று பக்கம் கதை. மிச்சம் தலைப்புகள். இந்தத் தலைப்புகள் எங்கிருந்து வந்தன என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் 'நயம் பாராட்டுக' என்று கேட்டால் மோனை, எதுகை, அணி, சந்தம் என்று வரிசையாக நிரப்பிவைத்தோமே, அந்தக் கை இன்னும் நிற்கவில்லை. பாட்டு எதுவானாலும் கட்டம் அதேதான். உங்கள் 'வறுமை' பத்தியை வெட்டி வேறொரு கரிசல் கதையைப் பற்றிய கட்டுரையில் ஒட்டிப் பாருங்கள், அங்கேயும் கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும். அப்படியென்றால் அது 'கதவு' பற்றிய பத்தி இல்லை. ('மண்ணின் மணம்' என்ற சொல்லுக்குப் பத்து வருஷம் ஓய்வு கொடுக்கலாம் என்பது என் தனிப்பட்ட வேண்டுகோள்.)

ஆனால் ஐந்தாம் பக்கத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: 'தந்தை மணிமுத்தாறுக்குக் கூலி வேலைக்குச் சென்றுள்ளார்.' எழுதிவிட்டு அடுத்த வரிக்கு ஓடிவிட்டீர்கள். அங்கேதான் நின்றிருக்க வேண்டும்.

கதை தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. குழந்தைகள் வீட்டுக் கதவைப் பஸ்ஸாக்கி, டிக்கெட் கொடுத்து, ஏறி ஆடுகிறார்கள். பஸ் போகிற ஊர் திருநெல்வேலி. தீர்வை (நிலவரி) பாக்கிக்காகத் தலையாரி, அதாவது கிராமத்து அரசாங்கச் சேவகர், வந்து அந்தக் கதவைப் பெயர்த்துக்கொண்டு போகிறார். கதவில்லாத வீட்டுக்குள் குளிர்காற்று புகுந்து கைக்குழந்தை இறந்துபோகிறது. பிறகு சாவடியின் பின்பக்கம் கிடக்கும் கதவைக் குழந்தைகள் கண்டுபிடிக்கிறார்கள்.

இப்போது மணிமுத்தாறு. ஐம்பதுகளில் அங்கே கூலிக்குப் போவதென்றால் அணை வேலைதான் நினைவுக்கு வரும். அணை 1958இல் முடிந்தது. அரசாங்கம் கட்டிய அணை. கதவைத் தூக்கிக்கொண்டு போனதும் அரசாங்கத்தின் ஆள். தகப்பன் அரசாங்கத்துக்கு மண் சுமக்கிறான், அதே அரசாங்கம் அவன் வீட்டுக் கதவைக் கழற்றுகிறது. கி.ரா. இதை எங்கேயும் விளக்கிச் சொல்வதில்லை, ஊர்ப் பெயரை வைத்துவிட்டுப் போய்விடுகிறார். இன்னும் ஒன்று. அந்த அணையின் கால்வாய் நாங்குநேரி, திருச்செந்தூர்ப் பக்கத்து வறண்ட நிலங்களுக்குப் போகிறது. கி.ரா.வின் இடைசெவல் இருக்கும் கோவில்பட்டிக் கரிசலுக்குச் சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஆற்றுப்பாசனத்தில் வளர்ந்த நமக்கு இது சட்டென்று உறைக்காது, அந்தப் பக்கத்து ஆளுக்கு உறைக்கும்.

குழந்தைகளின் பஸ்ஸையும் பாருங்கள். அது திருநெல்வேலியோடு நின்றுவிடுகிறது. அப்பா இருக்கும் இடமோ திருநெல்வேலியையும் தாண்டி மலையடிவாரத்தில். விளையாட்டில்கூட அவர்களால் அப்பாவிடம் போய்ச் சேர முடியவில்லை என்று நான் சொல்வேன்.

நீங்கள் மறுக்கலாம். திருநெல்வேலி அன்று ஜில்லாத் தலைநகர், கோவில்பட்டியும் அதே ஜில்லாவில்தான் இருந்தது, எந்தப் பிள்ளையும் அந்தப் பெயரைத்தான் சொல்லும், இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதையும் கட்டுரைக்குள்ளேயே கொண்டுவந்து பதில் சொல்லுங்கள். யாராலும் மறுக்க முடியாத ஒன்றைச் சொல்ல எட்டுப் பக்கம் எதற்கு? 'இக்கதை வறுமையைச் சித்திரிக்கிறது' என்றால் யார் சண்டைக்கு வருவார்கள்? 'இந்தக் கதையில் குழந்தையைக் கொன்றது வறுமை இல்லை, வசூல்' என்று எழுதுங்கள், நாலு பேர் வருவார்கள். அவர்களுக்குக் காட்டத்தான் கதையிலிருந்து வரிகள் வேண்டும். நீங்கள் அரைப் பக்கம் அரைப் பக்கமாக மேற்கோள் எடுத்துப் போட்டு, கீழே ஒரு சொல்லும் பேசாமல் நகர்ந்துவிட்டீர்கள். ஒரு வரி போதும், ஒரு சொல்லே போதும். அதன்மேல் நாலு வரி நீங்கள் பேச வேண்டும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. நானே கல்லூரி நாட்களில் ஒரு கதையில் வந்த கிணற்றை ஆழ்மனம் என்று நிரூபித்து ஆறு பக்கம் எழுதினேன். கிணறு கதையில் தண்ணீர் இறைக்கத்தான் இருந்தது. கதவை ஜீவாத்மா பரமாத்மாவுக்கு நடுவிலுள்ள தடை என்று யாராவது எழுதினால், தலையாரி எதற்கு வந்தார் என்று கேளுங்கள். கதையின் மற்ற பாகங்கள் ஒத்துழைக்காத விளக்கம் நிற்காது. கால்வாய்ச் செய்தியும் அப்படித்தான், அது கதைக்கு வெளியே இருப்பது. ஒரு வரியில் சொல்லிவிட்டுத் திரும்பி வாருங்கள். இல்லையென்றால் கட்டுரை பொதுப்பணித் துறை அறிக்கையாகிவிடும்.

நெல்லைச் சீமையில் இதற்கு இரண்டு பேரைப் படிக்கலாம். வண்ணார்பேட்டையில் வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூட்டம் நடத்திய ரசிகமணி டி.கே.சி. (டி.கே. சிதம்பரநாத முதலியார்), ஒரே கம்பன் பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சுவைப்பவர். ஒரு சொல்லில் எப்படி நிற்பது என்று அவரிடம் தெரிந்துகொள்ளலாம். அந்தச் சொல்லுக்குப் பின்னால் நிலம் யாருடையது, வரி யாருக்கு என்று கேட்க 'ஆராய்ச்சி' இதழ் நடத்திய மார்க்சிய ஆய்வாளர் நா. வானமாமலையிடம் போகலாம். இருவரையும் ஒரே திண்ணையில் உட்காரவைத்தால் சண்டை வரும். உங்கள் கட்டுரையில் அந்தச் சண்டை நடந்தால் எனக்குச் சந்தோஷம். ஆனால் முதலில் கதையை மூன்று தடவை தனியாகப் படியுங்கள். விமர்சகர்களை அப்புறம் பார்க்கலாம்.

முடிவைப் பற்றி ஒரு கேள்வி வைக்கிறேன், பதில் நீங்கள் எழுதுங்கள். கதை, கதவை வீட்டில் திரும்ப மாட்டிவிட்டு முடியவில்லை. அதைப் பற்றிக்கொண்ட ஒரு சிறுவனின் கைகளோடு நின்றுவிடுகிறது. அம்மா அந்த இடத்தில் இல்லை. ஏன்?

முன்னுரையைக் கடைசியில் எழுதுங்கள். என்ன சொல்லப்போகிறோம் என்பது எழுதி முடித்த பிறகுதான் தெரியும், எனக்கும் அப்படித்தான். திருத்தி அனுப்பினால் படிக்கிறேன். முதல் பக்கத்தில் மறுபடியும் 1923 இருந்தால் இரண்டாம் பக்கத்திலிருந்து தொடங்குவேன்.

அன்புடன்