கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரியா? எச்-4 விசாவில் வருபவருக்கு அதனால் என்ன?

கேள்வி: கணவரின் வேலைக்காக அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தின் ஜெர்மன்டவுனுக்குக் குடிவருகிறோம். வாடகை ஒப்பந்தம், பள்ளிப் படிவம் என்று எதைப் பார்த்தாலும் 'மான்ட்கோமரி கவுண்டி' என்று இருக்கிறது. கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரியா? எச்-4 விசாவில் வரும் எனக்கு அதனால் ஏதாவது உண்டா? அதன் செய்திகளைக் கவனிக்க வேண்டுமா?

பதில்:

நானும் எச்-4 விசாவில், அதாவது வேலை விசாவில் இருப்பவரின் துணைக்குத் தரும் விசாவில், ஜெர்மன்டவுனுக்கு வந்தவள்தான். உங்கள் கேள்வியைப் படித்ததும் முதல் வருடம் எனக்கு இதையெல்லாம் சொல்ல ஆளில்லாமல் போனது ஞாபகம் வந்தது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வரைபடத்தில் பார்த்தால் மாவட்டம் மாதிரிதான் இருக்கும். வேறுபாடு ஆட்சியில் இருக்கிறது. நம் ஊரில் ஆட்சியரை அரசு நியமிக்கிறது. இங்கே கவுண்டியின் தலைவரை மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். 'கவுண்டி எக்ஸிகியூட்டிவ்' என்பது அந்தப் பதவியின் பெயர். 2018, 2022 தேர்தல்களில் மார்க் எல்ரிச் வென்றார். அவரோடு 11 பேர் கொண்ட கவுண்டி கவுன்சில் இருக்கிறது. அதில் 7 பேர் தொகுதிக்கு ஒருவர், மீதி 4 பேர் கவுண்டி முழுவதற்கும் பொது. 2022 தேர்தலுக்கு முன்னால் கவுன்சிலில் 9 பேர்தான். கவுண்டிக்கான சட்டமும் பட்ஜெட்டும் இந்தக் கவுன்சிலில்தான் நிறைவேறுகின்றன. 2020 கணக்கெடுப்புப்படி இங்கே 10 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வசிக்கிறார்கள். தலைமையிடம் ராக்வில்.

எல்லா மாநிலத்திலும் இப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். கனெக்டிகட்டிலும் ரோட் ஐலண்டிலும் கவுண்டி என்ற பெயர் வரைபடத்தில் உண்டு, கவுண்டி அரசு கிடையாது. நியூ ஜெர்சியில் இருக்கும் என் தோழிக்கு எல்லாமே டவுன்ஷிப் என்ற அவளுடைய ஊர் நிர்வாகம்தான். மேரிலாந்தில் கவுண்டியின் கை பெரிது.

ஜெர்மன்டவுனில் அது இன்னும் பெரிது. ஏனென்றால் ஜெர்மன்டவுனுக்கு மேயர் கிடையாது, நகராட்சியும் கிடையாது. பக்கத்தில் இருக்கும் கெய்தர்ஸ்பர்கும் ராக்வில்லும் தனி நகராட்சிகள். ஆனால் ஜெர்மன்டவுன், சில்வர் ஸ்பிரிங், பெத்தஸ்டா எல்லாம் வெறும் ஊர்ப் பெயர்கள்தான். வந்த புதிதில் ஜெர்மன்டவுன் நகராட்சி அலுவலகம் எங்கே என்று நான் இரண்டு நாள் தேடியிருக்கிறேன். அப்படி ஒன்று இல்லை. உங்கள் வாசலுக்கு மிக அருகில் இருக்கும் அரசாங்கம் கவுண்டிதான்.

சரி, அது என்ன செய்கிறது? பள்ளியிலிருந்து தொடங்குகிறேன், கவுண்டி பட்ஜெட்டில் ஏறக்குறைய பாதி அங்கேதான் போகிறது. கவுண்டி முழுவதற்கும் ஒரே பள்ளி அமைப்பு. அதை நடத்தும் கல்வி வாரியத்தையும் மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த வாரியத்தில் மாணவர்கள் ஓட்டுப் போட்டு அனுப்பும் ஒரு மாணவரும் உறுப்பினர். எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடிக்கும். உங்கள் பிள்ளை எந்தப் பள்ளியில் சேரும் என்பதை வீட்டு முகவரி தீர்மானிக்கும். அதனால் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் அந்த முகவரிக்கு எந்தப் பள்ளி என்று பாருங்கள். தடுப்பூசிச் சான்றுகளை ஊரிலிருந்து மறக்காமல் எடுத்து வாருங்கள், கைப்பையில் வையுங்கள்.

அப்புறம் நூலகம், பஸ், தீயணைப்பு, காவல், பனி அள்ளுவது, மறுசுழற்சி என்று வரிசையாகப் போகும். ஆனால் எல்லாமே கவுண்டி இல்லை. தண்ணீர் தருவது டபிள்யூஎஸ்எஸ்சி. அது பக்கத்துக் கவுண்டியான பிரின்ஸ் ஜார்ஜஸையும் சேர்த்துப் பார்க்கும் தனி அமைப்பு. ஜெர்மன்டவுனைத் தொட்டுப் போகும் 355ஆம் சாலை மாநிலத்துடையது. நீங்கள் போகப்போவது டவுன்ஹவுஸ் வளாகம் என்றால் உள்சாலைகள் பெரும்பாலும் எச்ஓஏ என்ற வீட்டு உரிமையாளர் சங்கத்தின் பொறுப்பில் இருக்கும். குப்பையில் ஒரு குழப்பம் உண்டு, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கவுண்டியின் தெற்குப் பகுதியில் குப்பை, மறுசுழற்சி இரண்டையும் கவுண்டி வண்டியே எடுக்கும். நம் பக்கம் மறுசுழற்சியை மட்டும்தான் கவுண்டி எடுக்கிறது. மற்ற குப்பைக்கு எச்ஓஏவோ வீட்டுக்காரரோ தனியார் வண்டியை ஏற்பாடு செய்திருப்பார்கள். இரண்டுக்கும் நாள் வேறாக இருக்கலாம்.

பையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2012 ஜனவரி 1 முதல் இங்கே கடையில் பை வாங்கினால் 5 சென்ட் கொடுக்க வேண்டியிருந்தது. 2026 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பையே கிடையாது, காகிதப் பைக்கு 10 சென்ட். ஊரிலிருந்து வரும்போது நாலு மஞ்சப்பை எடுத்து வாருங்கள்.

செய்திகளைக் கவனிக்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். கட்டாயம் கவனிக்க வேண்டும். கவனிக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு என் முதல் குளிர்காலமே போதும். இரவு முழுக்கப் பனி கொட்டி மறுநாள் காலையில் நின்றது. சன்னலில் நின்று படம் எடுத்து ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். சாலையில் பனி அள்ளும் வண்டி போனது. நடைபாதையையும் யாரோ வந்து அள்ளுவார்கள் என்று விட்டுவிட்டேன். இரண்டு நாளில் அது இறுகிக் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. மூன்றாம் நாள், கைத்தடியோடு நடக்கும் பக்கத்து வீட்டு அம்மா கதவைத் தட்டினார். எங்கள் வீட்டு முன்னால் நடைபாதையில் கால் வைக்க முடியாமல், வண்டிகள் ஓடும் சாலையில் இறங்கி நடந்து வந்திருக்கிறார். கோபப்படவே இல்லை. பனி நின்ற 24 மணி நேரத்துக்குள் அவரவர் வீட்டு முன் நடைபாதையை அவரவர்தான் சுத்தம் செய்ய வேண்டும், அது கவுண்டிச் சட்டம் என்று நிதானமாகச் சொல்லிவிட்டு, பனியை உருக்கத் தூவும் தன் வீட்டு உப்பு வாளியையும் கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்கு அழுதேன். அவர் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு பல நாள் போகவில்லை. அந்த வாரமே 'அலர்ட் மான்ட்கோமரி'யில் பதிவு செய்தேன். புயல், பனி, சாலை அடைப்பு எது வந்தாலும் கைபேசிக்குச் செய்தி வந்துவிடும். காசு கிடையாது, நீங்களும் வந்த அன்றே பதிவு செய்யுங்கள்.

முன்பெல்லாம் இந்தப் பகுதியில் 'கெசட்' என்ற உள்ளூர் வாரப் பத்திரிகை வந்துகொண்டிருந்தது. பழைய ஆட்கள் இன்றும் அதைப் பற்றிப் பேசுவார்கள். 2015இல் அது நின்றுவிட்டது. வாசலில் வந்து விழுந்த செய்தியை இப்போது நாமே தேடிப் போக வேண்டியிருக்கிறது. நான் செய்வது இதுதான்: என் தொகுதிக் கவுன்சில் உறுப்பினர் அனுப்பும் மின்னஞ்சல் மடலுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன், நூலகத்துக்குப் போகும்போது அறிவிப்புப் பலகையை நின்று படிக்கிறேன். பத்து நிமிட வேலை.

பஸ்ஸைப் பற்றிய செய்தியும் எனக்கு அப்படித்தான் கிடைத்தது. கவுண்டி நடத்தும் 'ரைட் ஆன்' பஸ் 1975 முதல் ஓடுகிறது. 2025 ஜூன் 29 முதல் அதில் யாருக்கும் டிக்கெட் கிடையாது. குடியுரிமை, அட்டை எதுவும் கேட்க மாட்டார்கள், ஏறி உட்கார வேண்டியதுதான். அந்தக் கோடையில் அம்மாவும் அப்பாவும் வந்திருந்தார்கள். அம்மாவுக்கு இது பெரிய விஷயமாகவே தெரியவில்லை. 2021 மே மாதத்திலிருந்து ஊரில் டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லாமல் போய்வருகிறவர் அவர். அப்பாதான் முதல் நாள் சில்லறையைக் கையில் இறுக்கிக்கொண்டு ஏறினார். ஒரு வாரத்தில் அவராகவே தினமும் நூலகத்துக்குப் போக ஆரம்பித்துவிட்டார். எங்களிடம் இருப்பது ஒரே கார், அதுவும் பகலில் ஆபீசில் நிற்கும். பெற்றோர் வந்தால் நாலு சுவருக்குள் முடங்கிப்போகும் வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டில் அது நடக்கவில்லை என்றால் அந்த பஸ்தான் காரணம்.

நூலகத்துக்குக் கவுண்டியில் இருபதுக்கும் மேற்பட்ட கிளைகள் உண்டு. குடியிருப்பவர்களுக்கு அட்டை இலவசம். புத்தகம் இருக்கட்டும், உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது அங்கே நடக்கும் ஆங்கில உரையாடல் குழு. தன்னார்வலர் ஒருவர் நடத்துவார், சுற்றி ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து பேசுவோம். ஊரில் ஆங்கிலத்தில் பட்டம் வாங்கியிருந்தும் இங்கே வந்து போனில் பேசவே பயந்த எனக்கு நாக்கு அங்கேதான் திரும்பியது. வேலை அனுமதி இல்லாமல் வீட்டில் இருந்த அந்த இரண்டு வருடத்தில் வாரத்துக்கு ஒரு நாள் போக எனக்கென்று ஓர் இடம் இருந்தது. எல் சால்வடோரிலிருந்து வந்த ஒரு பெண்ணும் எத்தியோப்பியாவிலிருந்து வந்த ஒரு பெரியவரும் அங்கே கிடைத்த நண்பர்கள்.

இப்போது உங்கள் கேள்வியின் முக்கியமான பாதிக்கு வருகிறேன். எச்-4இல் வரும் உங்களுக்கு இந்த அரசாங்கத்தில் என்ன பங்கு?

கவுண்டி தேர்தலில் நம்மால் ஓட்டுப் போட முடியாது. இதே கவுண்டிக்குள் டகோமா பார்க் போன்ற சில சின்ன நகராட்சிகள் மட்டும் குடியுரிமை இல்லாதவர்களையும் தங்கள் நகரத் தேர்தலில் ஓட்டுப் போட விடுகின்றன, டகோமா பார்க்கில் இது 1992 முதல் உண்டு. மற்றபடி ஓட்டு இல்லை. ஆனால் வரி கட்டுகிறோம். மேரிலாந்து வருமான வரிப் படிவத்திலேயே கவுண்டிக்கென்று தனியாக ஒரு வரி உண்டு, நம் கவுண்டிக்கு 2025இல் அது 3.2 சதவீதம். உங்கள் கணவரின் சம்பளத்திலிருந்து முதல் மாதமே அது போகத் தொடங்கும். இன்னொன்று, பேசவும் முடியும்.

பட்ஜெட் ஆண்டு இங்கே ஜூலை 1இல் தொடங்குகிறது. கவுண்டி எக்ஸிகியூட்டிவ் மார்ச் 15க்குள் தன் திட்டத்தைக் கவுன்சிலுக்கு அனுப்ப வேண்டும். கவுன்சில் ஜூன் 1க்குள் முடிவு செய்ய வேண்டும். இடையில், ஏப்ரலில், பொதுமக்கள் கருத்துச் சொல்லும் கூட்டங்கள் நடக்கும். முன்கூட்டியே பெயர் கொடுத்தால் போதும், யாரும் பேசலாம்.

நூலகக் குழுவை நடத்திய தன்னார்வலர்தான் என்னை அந்தக் கூட்டத்துக்குப் போகச் சொன்னார். உரையாடல் குழு உனக்கு என்ன செய்தது என்று நீயே போய்ச் சொல், நான் சொன்னால் அது வேறு என்றார். மூன்று நாள் எழுதி எழுதி அடித்தேன். ராக்வில்லில் கவுன்சில் மண்டபத்தில் என் முறை வருவதற்குள் கை சில்லிட்டுவிட்டது. எனக்கு முன்னால் சக்கர நாற்காலியில் வந்த ஒருவர் பஸ் நிறுத்தத்தைப் பற்றிப் பேசினார். ஓர் உயர்நிலைப் பள்ளிப் பையன் தன் பள்ளியின் கூரையைப் பற்றிப் பேசினான். ஒலிபெருக்கி முன் உட்கார்ந்ததும் பெயரையும் ஊரையும் சொன்னேன். விசாவை யாரும் கேட்கவில்லை. கொடுத்த சில நிமிடத்தில், நூலகத்தின் அந்த ஒரு மணி நேரம் இல்லாவிட்டால் நான் இன்றைக்கு இங்கே உட்கார்ந்து பேசியிருக்க மாட்டேன் என்று சொல்லி முடித்தேன். பேசும்போது உறுப்பினர்களில் ஒருவர் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். அதை இன்னும் மறக்கவில்லை. வெளியே வந்து படிக்கட்டிலிருந்தே அப்பாவுக்குப் போன் போட்டேன். ஊரில் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு கொடுக்க வரிசையில் நின்று பழகியவர் அவர். "உட்கார வைத்தா கேட்டார்கள்?" என்று இரண்டு முறை கேட்டார்.

நீங்கள் வந்ததும் கூட்டத்துக்குப் போக வேண்டாம், பெட்டியைப் பிரித்து வீட்டை ஒழுங்கு செய்யவே ஒரு மாதம் ஆகும். முதல் வாரம் ஒரே ஒரு போன் செய்யுங்கள். 311. கவுண்டி எல்லைக்குள்ளிருந்து அந்த மூன்று எண்ணை அழுத்தினால் கவுண்டியின் எந்தத் துறை விஷயமானாலும் எடுத்துப் பேசுவார்கள். ஆங்கிலத்தில் பேசத் தயக்கமாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். உயிருக்கோ உடைமைக்கோ ஆபத்து என்றால் மட்டும் 911. உங்கள் முகவரியைச் சொல்லி மறுசுழற்சி வண்டி என்றைக்கு வரும், அதற்கான நீலத் தொட்டி எப்படிக் கிடைக்கும் என்று கேளுங்கள்.