கியூபா ஏன் கை தூக்கியது?

ஐயா,

வணக்கம். சர்வதேசியம், அதாவது நாடு கடந்த தொழிலாளர் ஒற்றுமை பற்றி நீங்கள் எழுதுவதை இரண்டு வருடமாக வாசிக்கிறேன். மன்னிக்கவும், எனக்கு எரிச்சல்தான் வருகிறது. 2009 மே மாதம், முள்ளிவாய்க்கால் முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. ஜெனிவாவில் மனித உரிமைப் பேரவையில் இலங்கை அரசுக்குச் சாதகமான தீர்மானத்துக்கு ரஷ்யாவும் சீனாவும் மட்டுமல்ல, கியூபாவும் கை தூக்கியது. எனக்கு அப்போது பதினாறு வயது. சே படம் போட்ட ரீசேட் ஒன்று வைத்திருந்தேன். அதற்குப் பிறகு அதைப் போடவில்லை.

2022இல் கொழும்பு காலிமுகத்திடல் போராட்டத்தில் நானும் நின்றேன். ஜனாதிபதி நாட்டை விட்டு ஓடினார். புரட்சி என்றார்கள். ஒரு கிழமைக்குள் பாராளுமன்றம் இன்னொருவரைத் தெரிவு செய்தது. உலகத் தொழிலாளர் ஒன்றுபடுவது இருக்கட்டும், கொழும்புத் தமிழரின் வெள்ளவத்தையும் மலையகத் தோட்டத் தமிழரின் ஹட்டனும் எப்போது ஒன்றுபட்டன?

பி.கு: அந்த மே 18 அன்று திடலில் முள்ளிவாய்க்காலில் செத்தவர்களின் நினைவாக முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்தார்கள். பக்கத்தில் நின்ற சிங்களப் பெண் ஒருத்தி "இது என்ன?" என்று கேட்டாள். "கெந்த" (கஞ்சி) என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் சொல்ல எனக்குச் சிங்களம் வரவில்லை.

(பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)
கொட்டாஞ்சேனை

அன்புள்ள தம்பி,

கியூபாவிலேயே தொடங்குகிறேன். எங்கள் தோழர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் அந்த நேரம் பார்த்து பிளேன்ரீ சொல்லக் கடைப்பக்கம் போய்விடுவார்கள். வாக்கெடுப்பில் ஆதரவு 29, எதிர்ப்பு 12, நடுநிலை 6. அந்த 29இல் கியூபா, நிகராகுவா, பொலிவியா மூன்றும் இருந்தன, இந்தியாவும் இருந்தது. இதற்கு நியாயம் சொல்ல நான் வரவில்லை. மேற்கு நாடுகள் எந்தப் பக்கமோ அதற்கு மறுபக்கம் நின்றால் போதும், அதுதான் ஏகாதிபத்திய எதிர்ப்பு என்று ஒரு வெளியுறவு அமைச்சு போட்ட கணக்கு அது.

தமிழர் என்பதால்தான் கைவிட்டார்கள் என்று நீங்கள் நினைத்தால் அங்கே கொஞ்சம் நில்லுங்கள். 1971 ஏப்ரலில் ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) கிளர்ச்சி. ஆயுதம் தூக்கியவர்கள் தெற்கின் கிராமத்துச் சிங்களப் பிள்ளைகள், தங்களை மார்க்சியவாதிகள் என்று சொல்லிக்கொண்டவர்கள். பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசுக்குச் சோவியத் ஒன்றியம் மிக் விமானங்கள் அனுப்பியது. சீனப் பிரதமர் சூ என்லாய் ஆதரவுக் கடிதம் எழுதினார், சீனா வட்டியில்லாக் கடனும் கொடுத்தது. அமெரிக்காவும் பிரிட்டனும் இந்தியாவும் பாகிஸ்தானும் அதே வரிசையில் நின்றன. உலகமெல்லாம் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்ற காலத்தில் இந்த ஒரு விஷயத்தில் எல்லோருக்கும் ஒரே மனம். எங்கள் அமைச்சரவையிலோ லங்கா சமசமாஜக் கட்சி இடதுசாரிகளும் கம்யூனிஸ்டுகளும் உட்கார்ந்திருந்தார்கள்.

இதற்கு வேர் பழையது. 1919இல் உலகக் கம்யூனிஸ்ட் கட்சிகளின் கூட்டமைப்பான கம்யூனிஸ்ட் அகிலத்தை லெனின் கூட்டியபோது ரஷ்யப் புரட்சி உலகப் புரட்சியின் ஒரு பகுதி என்பதுதான் எண்ணம். புரட்சி ஜேர்மனியில் தோற்றது, சீனாவில் தோற்றது. அப்புறம் ஸ்டாலினின் 'ஒரு நாட்டில் சோசலிசம்' வந்தது, அகிலம் அந்த ஒரு நாட்டுக்குக் காவல்காரன் ஆனது. 1943இல் போர்க்கூட்டாளிகளின் மனம் கோணாமல் இருக்க ஸ்டாலின் அதையும் கலைத்துவிட்டார். கொடி சிவப்பாக இருந்தாலும் அரசு அரசின் நலனைத்தான் பார்க்கும்.

இதை அப்போதே சொன்னவர்கள் இந்த ஊரிலேயே இருந்தார்கள், அதுதான் எனக்கு ஆறவே ஆறாத கதை. 1935இல் கொழும்பில் தொடங்கிய லங்கா சமசமாஜக் கட்சி ஸ்டாலின் பக்கத்தாரை வெளியேற்றிவிட்டு உலகப் புரட்சியை விடாமல் பேசிய ட்ரொட்ஸ்கியின் பக்கம் நின்றது. தலைவர்கள் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த கனவான்கள்தான், ஆனாலும் தோட்டங்களுக்குப் போனார்கள். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் தொழிலாளி கோவிந்தன் பொலிஸ் சூட்டில் செத்தது அந்தக் காலத்தில்தான். 1942இல் கட்சித் தலைவர்கள் என்.எம். பெரேராவும் பிலிப் குணவர்தனவும் கொல்வின் ஆர். டி சில்வாவும் கண்டிச் சிறையிலிருந்து தப்பி, பிறகு இந்தியாவுக்குக் கடல் தாண்டினார்கள். இந்திய போல்ஷெவிக் லெனினிஸ்ட் கட்சி அந்தத் தொடர்பில் உருவானது. 1947இல் சென்னை பக்கிங்ஹாம் கர்னாட்டிக் ஆலைத் தொழிலாளரின் பெரிய வேலைநிறுத்தத்தை நடத்தியவர் எஸ்.சி.சி. அந்தோனிப்பிள்ளை, யாழ்ப்பாணத்துக்காரர். சர்வதேசியம் என்றால் என் மனதில் வருவது கியூபாவின் கை அல்ல, இந்த மனுசன்தான்.

அப்படியானால் எங்கே பிழை நடந்தது? மார்க்ஸ் 1870இல் அயர்லாந்து பற்றி எழுதிய கடிதம் ஒன்று உண்டு. ஆங்கிலத் தொழிலாளி தன் பக்கத்தில் வேலை செய்யும் ஐரிஷ்காரனை வெறுக்கிறான். அத்தனை அமைப்பு இருந்தும் ஆங்கிலத் தொழிலாளர் வர்க்கம் பலமில்லாமல் கிடப்பதன் ரகசியம் அதுதான் என்கிறார். ஐரிஷ்காரனுக்கு இரக்கம் காட்டு என்று அவர் கேட்கவில்லை. உன் கையில் கிடக்கும் விலங்கைப் பார் என்கிறார்.

இதை 1948க்குப் பக்கத்தில் வையுங்கள். 1947 தேர்தலில் 95 ஆசனங்களில் இடதுசாரிகள் மூன்று கட்சியாகப் பிரிந்து நின்றும் 18 பிடித்தார்கள். மலையகத் தொழிலாளரின் வாக்கு பல தொகுதிகளில் அவர்களுக்குப் போனது. அடுத்த வருடம் குடியுரிமைச் சட்டம் அந்தத் தொழிலாளரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது, 1949இல் வாக்குரிமையும் போயிற்று. இடதுசாரிகள் எதிர்த்து வாக்களித்தார்கள் என்பதை மறக்கக்கூடாது. (1949இல் அந்த அமைச்சரவையில் தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் இருந்தார் என்பதையும்தான்.) ஆனால் தோட்டத்தில் வாக்கு இல்லாமல் போனபிறகு ஆசனம் வேண்டுமென்றால் சிங்களக் கிராமத்துக்குத்தான் போகவேண்டும். அந்தக் கணக்கு மெதுவாக அவர்களைத் தின்றது. ஒரு மொழி என்றால் இரண்டு நாடு, இரண்டு மொழி என்றால் ஒரு நாடு என்று 1956இல், தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்து எச்சரித்த கொல்வின்தான் 1972இல் சிங்களத்தை அரசகரும மொழியாக்கி, பௌத்தத்துக்கு முதலிடம் கொடுத்த அரசியலமைப்பை வரைந்தார். நடுவில் 1964: ஜூனில் சமசமாஜக் கட்சி சிறிமாவோடு அரசில் சேர்ந்தது, ட்ரொட்ஸ்கியவாதிகளின் உலக அமைப்பான நான்காம் அகிலம் கதவைச் சாத்தியது. ஒக்டோபரில் மலையகத் தமிழரில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப ஒப்பந்தம். 1966 ஜனவரி 8இல் தமிழுக்குக் கொஞ்சம் இடம் தரும் விதிகளை எதிர்த்து, 'டட்லியின் வயிற்றில் மசாலா வடை' என்று பிரதமர் டட்லி சேனநாயக்கவைத் தமிழரோடு சேர்த்துக் கேலி பண்ணிக் கத்திய ஊர்வலத்தில் இடதுசாரிகளும் இருந்தார்கள். என் அப்பா தொழிற்சங்கக்காரர், அந்தக் கட்சிக்குச் சந்தா கட்டியவர். அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் எங்கள் வீட்டில் வடை சுட்டால் அவர் சாப்பிடாமல் எழுந்து போய்விடுவார்.

கட்சிக்காரர்களான எட்மண்ட் சமரக்கொடியும் பாலா தம்புவும் இந்தக் கூட்டை எதிர்த்து 1964இலேயே வெளியேறினார்கள், சரி. ஆனால் பெரிய கட்சி போன பாதை அதுதான். அதை மொஸ்கோவோ பீக்கிங்கோ கெடுக்கவில்லை. எதிரி பிரித்துக் கொடுத்த வாக்காளர் பட்டியலுக்குள் நின்றுகொண்டே ஆட்சி பிடிக்கப் பார்த்தார்கள்.

காலிமுகத்திடல் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய மாதிரி ஆளமுடியாத மேல்தட்டு, பழைய மாதிரி வாழமாட்டோம் என்ற சனம்: லெனின் சொன்ன இரண்டும் 2022இல் இருந்தன. ஆனால் பொது வேலைநிறுத்தம் ஏப்ரல் 28இல் ஒருநாள், மே 6இல் ஒரு ஹர்த்தால், அவ்வளவுதான். துறைமுகத்திலும் தோட்டத்திலும் ஆடைத் தொழிற்சாலையிலும் ஆட்கள் தெரிவு செய்து அனுப்பிய ஒரு சபை இருக்கவில்லை. அதிகாரம் கீழே விழுந்து கிடந்தபோது குனிந்து எடுக்கத் தயாராக இருந்தது பாராளுமன்றம்தான், எடுத்தது. ரணிலுக்கு 134 வாக்கு. இரண்டு நாளில் திடலில் இருந்த கூடாரங்களைப் படையினர் பிய்த்து எறிந்தார்கள்.

ஹட்டன் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. உங்கள் பின்குறிப்பைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன். அந்தப் பெண் கேட்டாள், அதைக் கவனித்தீர்களா? 1966இல் யாரும் கேட்கவில்லை. இப்போது அவள் எதிரே நின்றால் என்ன சொல்வீர்கள் என்று சிங்களத்தில் ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். பிழை இருந்தால் பார்த்துத் தருகிறேன், என் சிங்களமும் சுமார்தான்.

அன்புடன்.