பழைய காருக்கு சூப்பர்சார்ஜரா, வேகமான வேறு காரா?

கேள்வி: என்னிடம் உள்ள 2002ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டி விடெக் 1,80,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. இன்னும் வேகம் வேண்டும். சூப்பர்சார்ஜர் பொருத்தலாமா, வேறு கார் வாங்கலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அந்த 1.5 லிட்டர் எஞ்சின் மீது உங்களுக்குள்ள பற்று எனக்கும் உண்டு; ஆனாலும் வேறு கார் வாங்குங்கள் என்றே சொல்வேன். சூப்பர்சார்ஜர், எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க்ஷாஃப்டிலிருந்து பெல்ட் வழியாகச் சுழன்று காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும்போது அக்காற்று சூடேறுவதால், அந்த அழுத்தத்துக்கென வடிவமைக்கப்படாத எஞ்சினில் எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடித்து ‘நாக்கிங்’ உண்டாகும். அப்போது ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், வெள்ளைப் பீங்கான் மீது மிளகுப்பொடி தூவியதுபோல் புள்ளிகள் தெரியும். அவற்றில் மினுங்குபவை பிஸ்டனிலிருந்து தெறித்த அலுமினியத் துகள்கள். இதைத் தவிர்க்க அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர், எஞ்சினின் கட்டுப்பாட்டுக் கணினியைத் திருத்தும் இசியூ டியூனிங் என்று தொடங்கும் செலவு கிளட்ச், பிரேக் வரை நீளும்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடுக்கிறது. உங்கள் கார் 15 ஆண்டுகளைக் கடந்துவிட்டதால், 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும் பரிசோதனையும் இருக்கிறது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டுத் தொகையும் கேள்விக்குறியாகலாம்.

இந்தியாவில் 2021இல் அறிமுகமான ஹூண்டாய் ஐ20 என் லைன் காரின் 1.0 லிட்டர் டர்போ எஞ்சின் (வெளியேறும் புகையால் சுழலும் காற்றழுத்தி கொண்டது) 120 குதிரைத்திறன் தருகிறது. கியர்பாக்ஸும் பிரேக்கும் அதற்கேற்பவே அமைந்தவை. நன்கு பராமரித்த ஒன்றை, சர்வீஸ் பதிவேட்டைச் சரிபார்த்து வாங்குங்கள். சிட்டியை மட்டும் விற்றுவிடாதீர்கள். ஞாயிறு காலைகளில் அதை அப்படியே ஓட்டுங்கள்.