ஆல்கஹால் இல்லாத பீரைக் குடிக்கலாமா?

கேள்வி: பல ஆண்டுகள் குடித்துவந்த என் கணவர், மீட்பு மையத்தில் சிகிச்சை பெற்றபின் எட்டு மாதங்களாக மதுவைத் தொடவில்லை. டைசல்ஃபிரம் மாத்திரை சாப்பிடுகிறார். அலுவலக விருந்துகளில் நண்பர்கள் '0.0' என்று அச்சிட்ட பீரை நீட்டி, "இதில் ஒன்றுமே இல்லை, தைரியமாகக் குடி" என்கிறார்களாம். குடிக்க விடலாமா?
– ஒரு வாசகி, கோவை

பதில்: இப்போதைக்கு வேண்டாம், சகோதரி. முதல் காரணம் அந்த மாத்திரைதான். நாம் அருந்தும் ஆல்கஹாலைக் கல்லீரல் முதலில் அசிட்டால்டிஹைடு என்னும் நச்சுப்பொருளாக மாற்றுகிறது. அதை அடுத்த கட்டத்தில் சிதைக்க வேண்டிய நொதியை டைசல்ஃபிரம் முடக்கிவிடுவதால், நச்சு இரத்தத்தில் தேங்கி, முகம் சிவந்து, தலை வலித்து, வாந்தியும் படபடப்பும் உண்டாகின்றன. ஆல்கஹால் கலந்த இருமல் மருந்தையும் மவுத் வாஷையும்கூட மருத்துவர்கள் தவிர்க்கச் சொல்வது இதனால்தான். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரங்கள் வரை இந்த விளைவு ஏற்படக்கூடும். 'ஆல்கஹால் இல்லாதது' என்று விற்கப்படும் பீர்கள் பலவற்றில் 0.5 சதவீதம் வரை ஆல்கஹால் இருக்கலாம் என்பதால், விருந்தில் கைமாறி வரும் கோப்பையை நம்புவதற்கில்லை.

புட்டியில் இருப்பது உண்மையாகவே 0.0 என்றாலும் என் தயக்கம் நீங்காது. அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில், போதை ஏறவே வாய்ப்பில்லாத மிகச் சிறிதளவு பீரை ஆண்களின் நாவில் தெளித்துப் பார்த்தபோது, அந்தச் சுவை மட்டுமே மூளையில் இன்ப உணர்வோடும் வேட்கையோடும் தொடர்புடைய டோபமைன் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கவைத்தது தெரியவந்தது. குடிநோய் உள்ள குடும்பத்தில் பிறந்தவர்களிடம் அந்தச் சுரப்பு கூடுதலாக இருந்தது. நுரையும் கசப்பும் மணமும் பழைய வேட்கையை எழுப்பப் போதுமானவை என்பது, மீட்பின் முதல் ஆண்டில் இருப்பவரும் அவர் குடும்பமும் அறிந்திருக்க வேண்டிய செய்தி.

ஆனால் அனுமதி தருவதும் மறுப்பதும் உங்கள் பொறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கண்காணிக்கப்படுகிறோம் என்ற எண்ணம் வந்துவிட்டால், அவர் உங்களிடம் மனம்விட்டுப் பேசுவது நின்றுபோகும். அவருக்கு வேண்டியிருப்பது அந்தச் சுவையா, அல்லது நண்பர்கள் நடுவே வெறுங்கையோடு நிற்கும் சங்கடத்திலிருந்து விடுதலையா என்று அமைதியாகக் கேளுங்கள். சங்கடம்தான் காரணம் என்றால், உள்ளே நுழைந்தவுடன் ஒரு எலுமிச்சை சோடாவைக் கையில் எடுத்துக்கொள்வதே பாதிச் சிக்கலைத் தீர்த்துவிடும். வேட்கை என்றால், அன்றைக்கே அவருடைய ஆலோசகரிடம் பேச வேண்டும். 14446 என்ற இலவச மது, போதை மீட்பு உதவி எண்ணையும் அழைக்கலாம்.

கேள்வி: நான் குடியை விட்டு மூன்று ஆண்டுகள் ஆகின்றன. மருந்து எதுவும் இல்லை. இங்கே 'ஆல்கோஹோல்ஃப்ரை' (ஆல்கஹால் இல்லாதது) என்று எழுதிய பீர் எல்லாக் கடைகளிலும் கிடைக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது?
– ஒரு வாசகர், ஸ்டுட்கார்ட், ஜெர்மனி

பதில்: ஜெர்மனியில் 0.5 சதவீதம் வரை ஆல்கஹால் உள்ள பீரையும் அந்தப் பெயரில் விற்கலாம். பிரிட்டனின் வழிகாட்டு நெறியோ 0.05 சதவீதத்தைத்தான் எல்லையாகச் சொல்கிறது. ஆகவே புட்டியின் முன்பக்கத்துப் பெரிய எழுத்தைவிட, பின்பக்கத்துச் சிறிய எண்ணையே நம்புங்கள். வழக்கமான பீரைக் காய்ச்சி, காற்றழுத்தத்தைக் குறைத்துத் தாழ்ந்த வெப்பத்தில் ஆல்கஹாலை ஆவியாக்குவது ஒரு முறை. நொதித்தலைப் பாதியில் நிறுத்துவது இன்னொரு முறை. இதில் மால்ட் சர்க்கரை மிஞ்சி நிற்பதால், நீரிழிவு உள்ளவர்கள் சர்க்கரை அளவையும் பார்க்க வேண்டும்.

0.5 சதவீதம் போதை தராது. நன்கு பழுத்த வாழைப்பழத்திலும் ரொட்டியிலும்கூட நுண்ணளவு ஆல்கஹால் உண்டு. ஆனாலும் கல்லீரல் பாதிப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது. உங்களைப் போல நெடுங்காலம் குடியின்றி வாழ்பவர்களில் சிலர் இதைச் சிக்கலின்றி அருந்துகிறார்கள்; சிலருக்கு இதுவே பழைய பாதைக்குத் திரும்பும் வாசலாகிவிட்டது. ஒன்றைக் குடித்தபின் மனம் 'அசல்' பீரை நினைக்கிறதா, முன்பு குடித்த அதே மாலை நேரத்தில்தான் கை இதைத் தேடுகிறதா, வாங்கியதை வீட்டில் மறைக்கத் தோன்றுகிறதா என்று கவனித்துவாருங்கள். ஒன்றுக்கேனும் ஆம் என்று பதில் வந்தால், வாங்குவதை நிறுத்திவிடுங்கள். விடுதிகளில் புட்டி மாறி வருவது உண்டு என்பதால், உங்கள் கண்முன்னே திறக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: வீட்டு விசேஷத்தில், குடியை விட்டவர்களுக்கும் ஏற்ற பானங்களாக எவற்றைக் கொடுக்கலாம்?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: நன்னாரி சர்பத், பன்னீர் சோடா, இஞ்சி தட்டிப்போட்ட மோர் ஆகியவற்றை எல்லோருக்கும் ஒரே மாதிரிக் குவளையில் கொடுங்கள், யார் குடியை விட்டவர் என்று எவருக்கும் தெரிய வேண்டியதில்லை. பதநீர் என்றால், சுண்ணாம்பு தடவிய கலயத்தில் அன்று காலை இறக்கியதாக இருக்கட்டும். சுண்ணாம்பு இல்லாவிட்டால் சில மணி நேரத்திலேயே புளித்துக் கள்ளாகிவிடும். வீட்டில் புளிக்கவைத்த ஜிஞ்சர் பீரும், தேநீரைப் புளிக்கவைத்துச் செய்யும் கொம்புச்சாவும் வேண்டாம். மாக்டெயில் கலக்க ஆள் வைப்பதாக இருந்தால், பிட்டர்ஸ் என்னும் கசப்பு மூலிகைச் சாற்றைச் சேர்க்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சில துளிகள்தான் என்றாலும், அங்கோஸ்டுரா பிட்டர்ஸில் 44.7 சதவீதம் ஆல்கஹால் இருக்கிறது.