வாய் திறக்காத பிள்ளை

கேள்வி: எங்கள் பள்ளியில் ஒரு மாணவி மத நம்பிக்கையைச் சொல்லி, தேசிய கீதம் பாடாமல் நிற்கிறாள். அவளை நீக்கச் சொல்லி பி.டி.ஏ.வில் மனு தயாராகிறது. கையெழுத்துப் போடலாம் என்றிருக்கிறேன். சரிதானே?
- ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: போடாதீர்கள்.

இதே வழக்கு உங்கள் கேரளத்திலிருந்துதான் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1985 ஜூலை, கோட்டயம் மாவட்டத்தில் ஒரு பள்ளி. யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று பேர், பத்தாவது, ஒன்பதாவது, ஐந்தாவது. அசெம்பிளியில் எல்லோரோடும் எழுந்து மரியாதையாக நிற்பார்கள், உதடு மட்டும் அசையாது. வருடக்கணக்காக யாருக்கும் அது உறுத்தவில்லை. ஒரு எம்.எல்.ஏ. அதைச் சட்டசபையில் கிளப்ப, விசாரணைக் குழு அமைத்து, அந்தக் குழுவே இவர்கள் ஒழுங்கான பிள்ளைகள், அவமரியாதை எதுவும் செய்யவில்லை என்று சொன்ன பிறகும் வெளியே அனுப்பிவிட்டார்கள். ஐந்தாவது படிக்கிற குழந்தையை! உயர் நீதிமன்றமும் கைகொடுக்கவில்லை.

1986 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பு. அரசியல் சாசனத்தின் 19-வது பிரிவு தரும் பேச்சுரிமையில் பேசாமல் இருக்கிற உரிமையும் அடக்கம், 25-வது பிரிவு மனசாட்சியைக் காக்கிறது, இவற்றில் கைவைக்க முறையான சட்டம் வேண்டும், கல்வித்துறை சுற்றறிக்கை போதாது. தேசிய கௌரவத்தை அவமதிப்பதைத் தடுக்கும் 1971-ஆம் வருடச் சட்டம்கூட, தேசிய கீதம் பாடுவதைத் தடுப்பவரையும் பாடும் கூட்டத்தில் கலாட்டா செய்பவரையும்தான் தண்டிக்கிறது. சும்மா நிற்பவரை அல்ல.

இன்னொன்று. அந்த 19-வது பிரிவில் பத்திரிகை என்ற சொல்லே கிடையாது. அந்தப் பிள்ளைக்கு இருக்கிற அதே பேச்சுரிமையை வைத்துத்தான் நாங்களும் அச்சடிக்கிறோம், அதனால் இது எனக்குச் சொந்த விஷயம். உங்களுக்கும்தான். மலையாள மாநிலத்தில் தமிழ்ப் பள்ளிக்கூடம் நடத்தும் உரிமை மொழிச் சிறுபான்மைக்கு 30-வது பிரிவு தந்தது. எண்ணிக்கை பார்த்து உரிமை கொடுப்பதென்றால் அங்கே நாம் எத்தனை பேர்?

மனுவோடு வருகிறவர்களிடம் இந்தத் தீர்ப்பைச் சொல்லுங்கள், தலைமை ஆசிரியரிடம் ஒரு பிரதி கொடுங்கள். அப்புறம் அந்தப் பெண்ணின் வீட்டுக்கு ஒருநடை போய், பயப்படாமல் நாளைக்கும் பள்ளிக்கு அனுப்பச் சொல்லிவிட்டு வாருங்கள்.