கதாயுதமும் கேடயமும் பிடித்திருக்கும் கிளெரிக் மந்திரம் போடலாமா?

கிளெரிக், அதாவது தெய்வ அருளால் மந்திரம் போடும் பாத்திரம், இரண்டு கையும் நிறைந்திருக்கும்போது காயம் ஆற்றும் ‘க்யூர் வூண்ட்ஸ்’ போட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பாத்திரமேற்று ஆடும் விளையாட்டின் 5ஆம் பதிப்பின் 2014 விதிப்படி முடியாது, ஏனென்றால் அதற்கு வாய்ச்சொல்லோடு கைச்சைகையும் வேண்டும், சைகைக்கு ஒரு கை காலியாக இருக்க வேண்டும். ஆனால் கூட்டாளிகளை ஆசீர்வதிக்கும் ‘பிளெஸ்’ மந்திரம் போடலாம்! அதற்கு ஒரு பொருளும் தேவை. கேடயத்தில் பொறித்த புனிதச் சின்னமே அந்தப் பொருளுக்கு ஈடு, அதைப் பிடித்திருக்கும் கையே சைகையையும் செய்துவிடும்.

சரி, க்யூர் வூண்ட்ஸுக்கு என்ன வழி? ஒரு டர்னில் (உங்கள் ஆட்ட முறையில்) ஒரு பொருளை இலவசமாகக் கையாளலாம் என்பதால் கதாயுதத்தை இடுப்பில் செருகிவிட்டு மந்திரம் போடுங்கள், ஆனால் அடுத்த டர்ன் வரை அந்தக் கை வெறுங்கைதான், எதிரி விலகி ஓடினால் கதாயுதத்தால் அடிக்க முடியாது. இந்த விலை இருப்பதால்தான் ஆயுதமா மந்திரமா என்ற முடிவுக்கே எடை வருகிறது, அதனால் நான் ஆட்டம் நடத்தும்போது இதைத் தளர்த்துவதில்லை. கேடயத்தைக் கழற்ற நினைக்காதீர்கள், ஒரு முழு ஆக்‌ஷன் (டர்னின் முக்கியச் செயல்) போய்விடும். ‘வார் காஸ்டர்’ ஃபீட் (பாத்திரத்துக்கு எடுக்கும் சிறப்புத் திறன்) எடுத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

அப்புறம், இருகை வாள் வைத்திருப்பவருக்கு இந்தச் சிக்கல் கிடையாது: வெட்டும்போதுதான் இரண்டு கையும் வேண்டும், மற்ற நேரத்தில் ஒரு கையை எடுத்துக்கொள்ளலாம்.