டவுன் சிண்ட்ரோம்: ஒரே பதிவேட்டில் இரண்டு எண்கள் ஏன்?

இங்கிலாந்தின் தேசியப் பிறவிக்குறைபாட்டுப் பதிவேட்டில் டவுன் சிண்ட்ரோமுக்கு ஒரு பெரிய எண்ணும் ஒரு சின்ன எண்ணும் இருக்கின்றனவே, எது சரி என்று கேட்டீர்கள். இரண்டு எண்ணும் சரிதான். பெரிய எண், உயிரோடு பிறந்த குழந்தைகளோடு இறந்து பிறந்தவை, 20 வாரத்துக்குப் பின் கலைந்தவை, குறைபாடு தெரிந்தபின் செய்த கருக்கலைப்புகள் எல்லாவற்றையும் சேர்த்தது. சின்னது உயிரோடு பிறந்தவர்கள் மட்டும். ஸ்கேனிலும் ரத்தப் பரிசோதனையிலும் முன்பே தெரிந்து பலர் கருக்கலைப்பு செய்துகொள்வதால் இந்த வித்தியாசம் டவுன் சிண்ட்ரோமில் பெரிதாக இருக்கும், பிளவு உதட்டில் அவ்வளவு இருக்காது.

அட்டவணைத் தலைப்பில் 'மொத்தப் பிறப்புகள்' என்றிருக்கிறதா, 'உயிர்ப் பிறப்புகள்' என்றிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விகிதம் 10,000 பிறப்புக்கு இத்தனை என்றுதான் இருக்கும், அதைச் சதவீதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அப்புறம், குறைபாட்டு வகைகள் ஒவ்வொன்றின் எண்ணிக்கையையும் கூட்டினால் மொத்தத்தைத் தாண்டுகிறது என்றீர்களே, அது பிழையில்லை. இதயத்தில் ஓட்டையும் பிளவு உதடும் உள்ள ஒரே குழந்தை இரண்டு வகையிலும் வரும், மொத்தத்தில் ஒருமுறைதான். பிரசவப் பிரிவு, ஸ்கேன், மரபணு ஆய்வகம் எனப் பல இடத்திலிருந்து வரும் தகவலை ஒரே பதிவாக இணைப்பதுதான் அங்கே பாதி வேலையே.

ஒன்று கவனம்: நாடு முழுவதும் பதிவானது 2018 பிறப்புகளிலிருந்துதான். அதற்கு முந்தைய, சில வட்டாரங்களின் கணக்கோடு ஒப்பிட்டு 'கூடிவிட்டது' என்று எழுதிவிடாதீர்கள்.